நோக்கியா 6600: மூன்று லட்சம் புள்ளிகள் போதுமா?

பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 6600 என்னும் கைபேசியை அறிவித்தது. முட்டையைச் சற்றுத் தட்டையாக்கியது போன்ற உருவம், ஏறத்தாழ 24 மி.மீ. தடிமன், 120 கிராம் அளவு எடை, எண் பொத்தான்களுக்கு மேலே கட்டைவிரலால் அசைக்கும் ஒரு சிறு குமிழ், முதுகுப்புறத்தில் ஒரு கேமரா. அன்று கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த உருவம் இன்றும் மறந்திருக்காது. யாராவது ஒரு நண்பரிடம் அது இருந்திருக்கும். வகுப்பே அவரைச் சுற்றி நின்றிருக்கும்.

இருபது ஆண்டுகள் கழிந்தபின் இப்போது பழைய கைபேசிகளுக்கும் பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கும் மீண்டும் ஒரு மவுசு வந்திருக்கிறது. இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். மேல்ஓடு மாற்றிப் பளபளப்பாக்கிய 6600-ஐ விற்பவர்களும் இருக்கிறார்கள். அதன் கேமராவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள் உருவாகின்றன. "அந்தக் காலத்துப் படத்தில் ஓர் உயிர் இருந்தது" என்பது ஒரு கட்சி. "அரை மெகாபிக்செல் கூட இல்லாத குப்பை" என்பது மற்றொன்று. இரண்டு தீர்ப்புமே அளந்து பார்க்காமல் சொல்லப்பட்டவை. விஞ்ஞானம் படிக்கும் மாணவர் ஒருவர் இந்தக் கேமராவை எவ்வாறு மதிப்பிட வேண்டும்? ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும், கணக்கு கடினமானதன்று.

புள்ளிக் கணக்கு

டிஜிட்டல் படம் என்பது சிறு சதுரப் புள்ளிகளால் ஆன கட்டம். 6600-இன் படத்தில் அகலவாட்டில் 640 புள்ளிகளும் உயரவாட்டில் 480 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 3,07,200. விளம்பரத்தில் இதை 'வி.ஜி.ஏ. கேமரா' என்றார்கள். இது கேமரா உலகத்துச் சொல்லே அன்று, 1987இல் ஐ.பி.எம். கம்பெனியின் கணினிகளில் வந்த திரைமுறையின் பெயர். அந்தத் திரையின் அளவும் 640க்கு 480. பெயரைக் கேட்டவர்களுக்கு ஏதோ உயர்ந்த தொழில்நுட்பம் போல் தோன்றியிருக்கும். 2003இல் தனியாக விற்ற டிஜிட்டல் கேமராக்கள் 30 லட்சம், 40 லட்சம் புள்ளிகளை எட்டிவிட்டிருந்தன என்பதை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?

இந்த மூன்று லட்சத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கேமராவின் ஒளியுணர் சில்லுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிற வடிகட்டியை ஒட்டுகிறார்கள். இரண்டு பச்சைக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்பது வழக்கமான விகிதம். கோடாக் நிறுவனத்தின் விஞ்ஞானி பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பச்சைக்குச் சலுகை ஏன் என்றால், நுண்ணிய விவரங்களைக் காண நம் கண் அந்த நிறப் பகுதியையே அதிகம் நம்பியிருக்கிறது. எனவே 6600-இன் சில்லு உண்மையில் அளந்தது 1,53,600 பச்சைப் புள்ளிகள், 76,800 சிவப்புப் புள்ளிகள், 76,800 நீலப் புள்ளிகள். ஒவ்வோர் இடத்திலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கருவி ஊகித்து நிரப்புகிறது. இன்றைய கைபேசிகளும் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் புள்ளிகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது ஊகத்தில் வரும் பிழை கண்ணுக்குப் படுவதில்லை. மூன்று லட்சத்தில் அது படுகிறது. சன்னல் கம்பிகளின் ஓரத்தில் காரணமின்றி ஒரு நீல விளிம்பு தெரிகிறதே, அதற்கு இது ஒரு காரணம்.

இன்றைய சாதாரணக் கைபேசியின் படம் 4,000க்கு 3,000 புள்ளிகள், அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் என்று கொள்வோம். 6600-ஐப்போல் 39 மடங்கு. அப்படியானால் 39 மடங்கு தெளிவா? இல்லை. தெளிவு என்பது ஒரு கோட்டின் வழியே எத்தனை விவரங்களைப் பிரித்துக் காட்ட முடிகிறது என்பதைப் பொறுத்தது. 640 இருந்த இடத்தில் 4,000. ஆகவே ஆறேகால் மடங்குதான். பரப்பைச் சொல்லி நீளத்தை விற்பது கேமரா விளம்பரத்தின் பழைய தந்திரம். 48 மெகாபிக்செல், 108 மெகாபிக்செல் என்று இன்று பெட்டியின்மேல் அச்சிடுகிறார்களே, அவற்றுக்கும் இதே வர்க்கமூலக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

எதற்குப் போதும், எதற்குப் போதாது?

ஒரு படத்தை ஏறத்தாழ ஓரடி தூரத்தில் கையில் வைத்துப் பார்க்கும்போது, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் நம் கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளி தெரிவதில்லை. அச்சுத் தொழிலிலும் இதுவே நல்ல அளவு. 640ஐ 300ஆல் வகுத்தால் இரண்டங்குலத்துக்குச் சற்று மேல். 480ஐ வகுத்தால் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஆக, 6600-இன் படம் முழுத் தெளிவோடு அச்சாகக்கூடிய அளவு ஒரு தீப்பெட்டி அளவுதான். நம் நாட்டுப் பாஸ்போர்ட் அளவுப் படம் 35க்கு 45 மி.மீ.; அதற்கு 413க்கு 531 புள்ளிகள் வேண்டும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் 480க்கு 640 கிடைக்கிறது. எண்ணிக்கையளவில் போதும்! குப்பை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து எழுத்துச் சோதனை. மாணவர்கள் இன்று நண்பனின் குறிப்பேட்டைப் படமெடுத்துக்கொள்வது போல் 6600-ஆல் எடுக்க முடியுமா? ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. அதை 640 புள்ளிகளில் அடக்கினால் ஒரு புள்ளிக்கு 0.46 மி.மீ. அச்சிட்ட தமிழ் எழுத்தின் உயரம் இரண்டரை முதல் மூன்று மி.மீ. என்றால், ஒரு எழுத்துக்கு ஐந்தாறு புள்ளிகள்தான் கிடைக்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை ஐந்துக்கு ஏழு புள்ளிக் கட்டத்தில் எழுதிக் காட்டலாம். ரயில் நிலையங்களின் மின்பலகைகளில் பார்த்திருப்பீர்கள். நம் எழுத்துக்கு அது போதாது. ண, ன இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு சுழி. ன, ன் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் அகலமே அரை மி.மீ.க்குக் குறைவு. எனவே பக்கத்தைப் படிக்க இயலாது. அருகில் கொண்டுபோய்க் கால்பக்கம் கால்பக்கமாக எடுக்கலாமே என்றால் அதற்கும் தடை உண்டு. இந்தக் கேமராவின் லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டது. தூரத்துக்கேற்ப முன்பின் நகராது. சற்றுத் தள்ளியிருக்கும் மனிதர் முதல் மலை வரை ஓரளவு தெளிவாக விழும்படி தொழிற்சாலையிலேயே ஓரிடத்தில் நிறுத்திவிட்டார்கள். மிக அருகே கொண்டுபோனால் பிம்பம் சில்லின்மேல் குவியாமல் மங்கிவிடும். பேருந்து நிலையத்துக் கால அட்டவணைப் பலகையை எடுக்கலாம். பாடப்புத்தகத்தை எடுக்க முடியாது. அக்காலத்தில் நகலெடுக்கும் கடைகள் பிழைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!

இருமடங்கு 'டிஜிட்டல் ஜூம்' ஒன்றும் உண்டு. படத்தின் நடுக்கால்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதே அது. புதிதாக ஒரு விவரமும் வராது. வீடியோவும் உண்டு: 128க்கு 96 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் 12,288. அதன் நிழற்படத்தில் மிகச் சரியாக இருபத்தைந்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் பத்து வினாடி அளவுக்கே பதிவாகும். இதை ஒரு வசதி என்று கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை.

வெளிச்சத்தின் கதை

கேமராவின் உண்மையான சோதனை மாலை ஆறு மணிக்குமேல்தான் தொடங்குகிறது. நண்பகல் வெயிலில் தரையின்மேல் விழும் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஒரு குழல்விளக்கு எரியும் கூடத்தில் நூறு, இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக உறைப்பதில்லை. பாவை விரிந்து, விழித்திரை தன் உணர்வைக் கூட்டிக்கொண்டு சமாளித்துவிடுகிறது. சில்லுக்கு அந்தத் திறமை இல்லை. ஐந்நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ குறைந்த ஒளியில் அது வேலை செய்தாக வேண்டும்.

ஒளி என்பது துகள்களாக வந்து விழுவது. மழைத்துளிகளை ஒரு கிண்ணத்தில் எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 10,000 துளி விழும் என்றால், ஒருமுறைக்கு மறுமுறை அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 100 துளி அளவுக்கு, கூடக்குறைய இருக்கும். அது நூற்றில் ஒரு பங்கு. யாரும் கவனிக்க மாட்டார்கள். சராசரியாக 100 துளிதான் என்றால் ஏற்ற இறக்கம் 10 துளி. பத்தில் ஒரு பங்கு! ஒரே வெள்ளைச் சுவரின் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்று வெளுப்பாகவும் ஒன்று கறுப்பாகவும் வருவது இதனால்தான். மூன்று நிறங்களுக்கும் இந்தத் தடுமாற்றம் தனித்தனியே நிகழ்வதால் சுவரில் சிவப்பும் பச்சையுமாக மணல் தூவியது போல் தெரிகிறது. பழைய படங்களின் 'உயிர்' என்று சிலர் கொண்டாடுவது பெரும்பாலும் இந்த மணலைத்தான். விரும்பக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அது கேமராவின் கலையன்று, ஒளியின் பற்றாக்குறை என்று தெரிந்துகொண்டு விரும்பலாம்.

6600-இல் ஃப்ளாஷ் விளக்கு இல்லை. 'இரவு முறை' என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். சில்லை நீண்ட நேரம் ஒளிக்குத் திறந்து வைப்பது அதன் வேலை. கிண்ணத்தை மழையில் அதிக நேரம் வைப்பது போல. அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் இழுபடும், குழந்தை அசைந்தால் குழந்தைக்கு இரண்டு முகம். இன்றைய கைபேசிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, அசைவைச் சரிக்கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கின்றன. அதற்கு வேண்டிய கணக்கிடும் வேகம் 6600-இன் 104 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு எட்டாத கனவு. இதில் ஒரு வேடிக்கை: அதே 2003இல் அதே நிறுவனம் 1100 என்ற மலிவான கைபேசியையும் வெளியிட்டது. அதில் கேமரா இல்லை, ஆனால் தலையில் டார்ச் விளக்கு இருந்தது. 1100 மாதிரி 25 கோடிக்கும் மேல் விற்றது. கேமரா இருந்த போனில் விளக்கில்லை, விளக்கு இருந்த போனில் கேமராவில்லை.

திரை மறைத்த குறை

இத்தனை குறைகள் இருந்தும் 2003இல் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் வியந்தார்களே, எப்படி? விடை கேமராவில் இல்லை, திரையில் இருக்கிறது.

6600-இன் திரை 2.1 அங்குலம், 176க்கு 208 புள்ளிகள், 65,536 நிறங்கள். படுக்கைவாட்டில் எடுத்த ஒரு படத்தை அந்தத் திரையின் அகலத்துக்குள் அடக்கினால் 176க்கு 132 புள்ளிகளே கிடைக்கும். அதாவது 23,232. கேமரா எடுத்ததோ மூன்று லட்சத்துக்குமேல். ஆக, ஏறத்தாழ 13 புள்ளிகளைச் சுருக்கி ஒன்றாகக் காட்டுகிறது திரை. அவ்வாறு பதின்மூன்றின் சராசரியைக் காட்டும்போது மேலே சொன்ன மணல் 13இன் வர்க்கமூலம் அளவு, அதாவது மூன்றரை மடங்குக்குமேல், குறைந்துவிடும். நிற விளிம்புகளும் மங்கிய ஓரங்களும் கரைந்துபோகும். கைபேசியில் பார்க்கையில் படம் பளிச்சென்று இருந்ததற்கும், கணினியில் போட்டுப் பார்த்தவுடன் முகம் வாடியதற்கும் காரணம் இதுவே. அந்தத் திரை தன் கேமராவின் குறைகளைக் காட்டும் தகுதியே இல்லாதிருந்தது.

இதைக் குற்றமாகச் சொல்லலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டங்குலத் திரையிலிருந்து இன்னொருவரின் இரண்டங்குலத் திரைக்குப் படச்செய்தி அனுப்பிப் பார்த்து மகிழ்வதற்கென்றே இந்தக் கேமரா திட்டமிடப்பட்டது. அந்த வேலைக்கு அது மிகச் சரியான அளவு. சொல்லப்போனால் அளவுக்கு அதிகம். 1997இல் பிலிப் கான் என்ற அமெரிக்கப் பொறியாளர் பிறந்த தன் மகளின் படத்தை மருத்துவமனையிலிருந்து ஒரு கேமராவையும் கைபேசியையும் இணைத்து நண்பர்களுக்கு அனுப்பினார். 2000இல் ஜப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் கேமராக் கைபேசி 1,10,000 புள்ளிகளோடு வந்தது. 2002இல் நோக்கியாவே 7650 என்ற மாதிரியில் 640க்கு 480 கேமராவை வைத்தது. இவர்கள் எல்லோருடைய நோக்கமும் உடனே அனுப்புவது, உடனே பார்ப்பது. முப்பதாண்டு வைத்துக் காப்பது அன்று. ஆனால் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலிருந்த சுருள்பட கேமராவைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திருமணம், காதுகுத்து, பிறந்தநாள் எல்லாவற்றையும் இதிலேயே எடுத்தார்கள். சுருள்படத்தில் ஒரு முகம் விழுந்திருந்தால் இன்றும் அதைப் பெரிதாக்கலாம். இதில் முடியாது. பெட்டியில் கேமராவைப் பற்றி அவ்வளவு எழுதியவர்கள் இந்த ஒரு வரியையும் எழுதியிருக்கலாம்.

பாட்டியின் மூக்குத்தி

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் பாட்டி காலமானபோது, அவர் தெளிவாக விழுந்திருந்த படம் 2005இல் 6600-இல் எடுத்த ஒன்றுதான். திருமண வீட்டு வாசலில் நான்கு பேர் நிற்கிறார்கள், இரண்டாவதாகப் பாட்டி. மாலை போட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அந்த முகத்தை மட்டும் எட்டங்குல உயரத்துக்குப் பெரிதாக்கித் தரும்படி ஸ்டுடியோவில் கேட்டார்கள். இதைக் கணக்காகப் பார்ப்போம்.

480 புள்ளி உயரப் படத்தில் நிற்பவரின் உருவம் 400 புள்ளி என்று வைத்துக்கொண்டால், தலை அதில் ஏழரையில் ஒரு பங்கு: 53 புள்ளி. முகத்தின் அகலம் சுமார் 35 புள்ளி. ஒரு கண்ணின் அகலம் முகத்தில் ஐந்தில் ஒரு பங்கு: 7 புள்ளி. 53 புள்ளிகளை எட்டங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு ஏழு புள்ளிகூட இல்லை. மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று நிறங்களுக்குமாக ஒரு படத்துக்கு 9,21,600 பைட் வேண்டும். கைபேசியோடு வந்த நினைவட்டையின் கொள்ளளவோ 32 மெகாபைட். அப்படியே சேமித்தால் முப்பத்துச் சொச்சம் படங்களோடு அட்டை நிறைந்துவிடும். ஆகவே ஜேபெக் முறையில் சுருக்குகிறார்கள். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய மாறுதல்களைக் கழித்துவிட்டுப் பொதுப்போக்கை மட்டும் எழுதி வைப்பது அம்முறை. பாட்டியின் ஒரு கண் முழுவதும் அப்படி ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கண்ணுக்கு ஒரு கட்டம்! விழியின் பார்வை எந்தப் பக்கம் இருந்தது என்பது அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

ஸ்டுடியோவிலிருந்து வந்த படம் மிக அழகாக இருந்தது. இமைமுடி தனித்தனியாகத் தெரிந்தது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுத் தெளிவாக்கியதாகச் சொன்னார்கள். மூத்த மகள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

அந்த மென்பொருள் எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வியில் வியப்பில்லை. ஏராளமான முகங்களின் தெளிவான படங்களையும் அவற்றையே மங்கலாக்கிய படங்களையும் காட்டி அதைப் பழக்குகிறார்கள். மங்கலான ஒரு கண்ணைக் கொடுத்தால், இதுபோல் மங்கிய கண்கள் முன்பு எப்படிப்பட்ட தெளிவான கண்களிலிருந்து வந்தன என்று பார்த்து, பொருந்தக்கூடிய ஒன்றை அது வரைகிறது. அது பாட்டியின் கண்ணை மீட்பதில்லை. பாட்டிக்கு இருந்திருக்கக்கூடிய ஒரு கண்ணை எழுதுகிறது. மூக்குத்தி இன்னும் நல்ல உதாரணம். தலையின் உயரம் 23 செ.மீ. என்றால் ஒரு புள்ளிக்கு 4.3 மி.மீ. அந்தக் காலத்து ஒற்றைக்கல் மூக்குத்தியும் ஏறத்தாழ அந்த அகலம்தான். ஆக, மூக்குத்தி என்பது அந்தப் படத்தில் ஒரே ஒரு வெண்புள்ளி. மணல் போன்ற இரைச்சலும் அப்படி ஒற்றைப் புள்ளியாகத்தான் வரும். இரண்டையும் பிரித்தறிய மென்பொருளுக்கு வழியில்லை. அது இரைச்சல் என்று எண்ணி அழித்துவிட்டது. ஐம்பது வருடம் கழற்றாத மூக்குத்தி.

வீடுகளில் இன்று ஏராளமான பழைய படங்கள் இப்படித் 'தெளிவாக்கப்பட்டு' வருகின்றன. மூலத்தை அழித்துவிட்டுத் தெளிவாக்கியதை மட்டும் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. பேரப்பிள்ளைகள் அந்த முகத்தையே பாட்டி என்று அறிவார்கள். 6600-இன் 53 புள்ளிப் பாட்டி மங்கலாக இருக்கலாம். ஆனால் அந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் அன்று அந்த வாசலில் பாட்டியின்மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் இருக்கிறது. சுவரில் மாட்டுவதானால் முகத்தை மட்டும் வெட்டாமல், நான்கு பேரும் இருக்கும் படத்தையே தீப்பெட்டியைப்போல் இரண்டு மடங்கு அளவில், அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளியாக, நாலேகால் அங்குல அகலத்தில் அச்சிட்டு அகன்ற வெள்ளை ஓரத்தோடு சட்டம் போடலாம். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் குறையே தெரியாது. பின்னர் அந்தக் குடும்பமும் அப்படித்தான் செய்தது.

மற்ற வசதிகள்

கேமராவை விட்டுப் பார்த்தால் 6600 பல வகையில் நல்ல கருவி. பொத்தான்கள் விரலுக்கு அடங்குகின்றன. பார்க்காமலே எண் அழுத்தலாம். நடுக்குமிழ்தான் முதலில் கெடும் உறுப்பு. தூசி புகுந்தால் ஒரு பக்கம் அசைய மறுக்கும். எஃப்.எம். வானொலி இல்லை. சிம்பியன் என்ற இயக்க முறை இருந்ததால் வெளியார் எழுதிய மென்பொருள்களை ஏற்றிக்கொள்ள முடிந்தது; கணினியைப் போன்ற கைபேசி என்ற எண்ணத்தைப் பலருக்கு முதலில் ஊட்டியது இதுவே. அந்தத் திறப்பின் வழியே தொல்லையும் வந்தது. 2004 ஜூனில் 'காபிர்' என்ற புழு நிரல் வெளிப்பட்டது. கைபேசிகளுக்கிடையே தானாகப் பரவும் முதல் புழு என்று பெயர்பெற்ற அது, புளூடூத் வழியாக இந்த வகைச் சிம்பியன் போன்களுக்குள் புகுந்தது. ஏற்கவா என்று கேட்டால் 'வேண்டாம்' அழுத்தினால் போதும். ஆனால் மறுபடி மறுபடி கேட்கும்; சலித்துப்போய் 'சரி' அழுத்தியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பேட்டரி பிஎல்-5சி வகை. 850 மில்லி ஆம்பியர்-மணி. இன்றைய கைபேசிகளின் 5,000த்தோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு. ஆனால் சிறிய திரைக்குச் செலவு குறைவு. காத்திருப்பில் 240 மணி நேரம் வரை என்பது நிறுவனத்தின் கணக்கு. பழைய கருவியில் அதில் பாதி வந்தால் நிறைவடையலாம். இதன் பெருமை வேறு: நகத்தால் மூடியைத் திறந்து ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதே வகைப் பேட்டரி பின்னர் சிறு வானொலிகளிலும் ஒலிபெருக்கிகளிலும் புகுந்துவிட்டதால் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. போலிகளும் உண்டு; எச்சரிக்கை வேண்டும். உண்மையானவற்றிலும் ஒருமுறை குறை நேர்ந்தது: 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் செய்தளித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் மின்னேற்றும்போது அதிகம் சூடாகலாம் என்று 2007 ஆகஸ்டில் நோக்கியா அறிவித்து, கேட்டவர்களுக்கு மாற்றிக் கொடுத்தது.

பேசுவதற்கு வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது ஜி.எஸ்.எம். எனப்படும் இரண்டாம் தலைமுறை அலைமுறையில் மட்டும் இயங்குவது. சிங்கப்பூரில் அந்தச் சேவை 2017இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே இது வெறும் கேமராதான். நம் நாட்டில் 2016இல் தொடங்கிய ஜியோவின் வலையமைப்பில் இரண்டாம் தலைமுறை கிடையாது. ஆகவே அந்தச் சிம் இதில் வேலை செய்யாது. இணையமும் இல்லையென்றே கொள்ளலாம்; இன்றைய பாதுகாப்பான தளங்கள் இதன் உலாவிக்குத் திறப்பதில்லை. பொழுதுபோக்கிற்காக ஒரு பழைய கேமரா வேண்டுமென்று இதை அதிக விலைக்கு வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அதே காலத்தில் வந்த சிறு டிஜிட்டல் கேமரா எதுவும் இதைவிடப் பத்து மடங்கு புள்ளி தரும்.

ஆனால் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே ஒன்று கிடந்தால் கதை வேறு. முதலில் மூடியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் குத்தவோ மின்னேற்றவோ கூடாது, புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் நினைவட்டை எம்.எம்.சி. வகை. 1.4 மி.மீ. தடிமன் கொண்டது, எஸ்.டி. அட்டையைப்போல் தோன்றினாலும் அதைவிட மெல்லியது. பழைய எஸ்.டி. படிப்பான்கள் பலவற்றில் படிக்கப்படும், புதியவை சில மறுக்கும். மறுத்தால் புளூடூத் வழியே கணினிக்கு அனுப்பலாம். படம் சில பத்துக் கிலோபைட்தான் என்பதால் நேரம் பிடிக்காது. ஐபோனுக்கு இவ்வழியில் அனுப்ப இயலாது. எங்கே அனுப்பினாலும், இடையில் அரட்டைச் செயலி எதிலும் போட்டு அனுப்ப வேண்டாம். அவை படத்தை மறுபடி எட்டுக்கு எட்டாகப் பிரித்து மேலும் சுருக்கும். இருப்பதே ஒரு கண்ணுக்கு ஒரு கட்டம்.